வற்றிய தொட்டியின் சத்தம்

இன்று காலை, இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே தண்ணீர் லாரி நின்றது. மட்டம் அறிய டிரைவர் தொட்டியை விரல் முட்டியால் தட்டினார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா ரயில் யார்டில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கும் நீராவி எஞ்சினின் டிரைவர். அந்த எஞ்சின் தண்ணீருக்குத் தனி வண்டியை இழுக்காது; பாய்லரின் இரு பக்கத் தொட்டிகளில் தானே சுமக்கும். குறுகிய இடத்தில் ஓட்ட வசதி, ஆனால் தண்ணீர் சீக்கிரம் தீரும். "இதச் செஞ்ச வெள்ளக்காரன் நம்மூரு வெயில பாத்ததே இல்ல" என்பார்.

என் சின்ன வயதில் ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அப்பா தொட்டியைத் தட்டினார். அடிவரை வெற்று ஒலி. நிரப்பும் குழாயிலும் காற்றுதான் வந்தது. பாய்லரின் கண்ணாடியில் நீர்மட்டம் தெரியவில்லை. மேலும் எரித்தால் வெடிக்கும்.

"யோவ், தண்ணி இப்ப வந்துரும். நெருப்ப எடுத்தா நாளைக்குத்தான் வண்டி நகரும்" என்று யார்டு மாஸ்டர் கத்தினார்.

அப்பா எரிந்துகொண்டிருந்த நிலக்கரி முழுவதையும் தண்டவாளத்தில் இழுத்துத் தள்ளினார். புகை அடங்குவதற்குள் குழாயில் தண்ணீர் கொட்டியது.

"டிரைவருக்குப் பயம் வந்துருச்சுடோய்!" என்று யாரோ சிரித்தார்கள். அப்பாவைச் சாம்பல் அள்ளும் வேலைக்கு மாற்றினார்கள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா, இரவு சோறு போட்டபடி.

"பொறுத்திருந்தா இத யாருகிட்ட கேட்டிருப்ப?" என்றார் அப்பா.

லாரி போய்விட்டது. அப்பா செய்தது சரியா, அவசரமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தது என்று அன்று அந்தப் பாய்லரைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை.