மாமாவிடம் மிஞ்சிய சொல்

மாமா பொய் சொல்கிறார் என்று அத்தையிடம் கோள்மூட்டியவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா என்னைச் சிங்காநல்லூரில் இருந்த அவருடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அத்தைக்குக் குழந்தைகள் இல்லை; கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மாமா நூல் மில்லில் ஃபிட்டர். பங்குனியில் ஒருநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும்போதே சரிந்து விழுந்துவிட்டார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் பன்னிரண்டு நாள் வராந்தாவில் கிடந்தார். பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தரத்தான் யாரும் இல்லை.

அத்தை தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். முதுகில் புண் வராமலிருக்க மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தார். யாரோ சொன்னார்கள் என்று புறா ரத்தம் வாங்கிவந்து காலில் தேய்த்தார். தெருமுனை டாக்டர் வாரம் ஒருமுறை வந்து பிரஷர் பார்ப்பார். "போகப் போகச் சரியாயிரும்மா" என்பார். அவ்வளவுதான் வைத்தியம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்கு ஒரே ஒரு சொல் திரும்பி வந்திருந்தது.

"வேண்டா."

சோற்றுத்தட்டைப் பார்த்ததும் அதைத்தான் சொல்வார். இரண்டு வாய் வாங்கியதும் மறுபடி அதையே சொல்வார். "ஏனுங்க, இன்னொரு வாய் வாங்கிக்குங்க" என்று அத்தை கெஞ்சுவார். வேண்டா, வேண்டா என்று சத்தம் ஏறும். இடதுகை தட்டில் மோதிச் சோறு சிதறும். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

"உசுரு போனாப் போதும்னு கெடக்கறாரு" என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். இவ்வளவு பாடுபடும் அத்தையை இப்படி அழவைக்கிறாரே என்று எனக்கு மாமாமேல் கோபம் வந்தது.

ஒரு மத்தியானம் அத்தை மாத்திரை வாங்கக் கிளம்பினார். "மாமாவப் பாத்துக்க அம்மணி. வெரசா வந்தர்றேன்."

நல்ல வெயில். மாமாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வேணுங்களா மாமா?"

"வேண்டா."

சரி என்று சொம்பைத் தூக்கி நானே குடிக்கப்போனேன். சட்டென்று அவருடைய இடதுகை என் மணிக்கட்டைப் பிடித்தது. வேண்டா, வேண்டா என்றபடியே சொம்பை இழுத்து வாயில் சாய்த்துக்கொண்டார். பாதி நெஞ்சில் கொட்டியது. இருமினார், மறுபடியும் குடித்தார். காலிச் சொம்பை என்னிடம் நீட்டினார். பயந்துபோய் இன்னொரு சொம்பு கொண்டுவந்தேன். அதையும் குடித்தார்.

அத்தை வாசலில் கால் வைத்ததும் ஓடினேன். "மாமா பொய் சொல்றாருங்கத்தை. வேண்டான்னு சொல்லிப்போட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுப்போட்டாரு."

அத்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு நேரே அடுப்படிக்குப் போய் ரசஞ்சோறு பிசைந்து எடுத்துவந்தார். கட்டிலில் மாமாவின் இடதுகைக்கு எட்டும்படி தட்டை வைத்தார்.

"வேண்டா" என்றார் மாமா. கை தட்டைப் பற்றித் தன் பக்கம் இழுத்தது.

அத்தை ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் வேண்டா என்றார் மாமா; ஒவ்வொரு வாய்க்கும் வாயைத் திறந்தார். தட்டு காலியாயிற்று. அத்தை எழுந்து போய் மறுபடி சோறு போட்டுவந்தார்.

"இத்தன நாளும் பசியோடதான் கெடந்தீங்களா?" என்று கேட்டார்.

"வேண்டா" என்றார் மாமா. கண்ணோரம் நீர் வழிந்தது.

அத்தை கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மாமா தேறினார். மழைக்காலத்துக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆறு வருடம் இருந்தார். வேறு சொல் வரவேயில்லை; வேண்டும் என்பதற்கும் வேண்டாதான் வந்தது. ஆனால் அத்தை அவர் வாய் சொல்வதைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையையும் கண்ணையும் பார்க்கப் பழகிக்கொண்டார்.

அன்றைக்கு மாமாவுக்குத் திட்டு விழும் என்றுதான் காத்திருந்தேன். விழவில்லை. தன் புருஷன் பொய்யர் என்று தெரிந்துபோன வருத்தத்தில் அத்தை அழுகிறார் என்று நினைத்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று கதவோரம் நின்றேன். அத்தனை நாளும் தன் கையாலேயே மாமா முன்னாலிருந்து எடுத்துப்போன தட்டுகளுக்காக ஒருத்தி அழக்கூடும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.