பென்சில் சார் பாடம் பிரிக்கிறார்

கதவை இரண்டு விரல் முட்டியால் தட்டி, "வரலாமா?" என்று கேட்கும்போதே பென்சில் சார் உள்ளே வந்துவிட்டிருப்பார். புதிய பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் முழுக்க, புள்ளியியல் துறையில் அறை அறையாக இப்படித்தான் ஏறி இறங்குவார். துறைத்தலைவரே அவர்தான்; நினைத்தால் ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பலாம். அனுப்ப மாட்டார். "அவங்கவங்க நாற்காலியில உட்கார்ந்திருந்தா கோபம் கொஞ்சம் கம்மியா வரும்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

யாருக்கு எந்த வகுப்பு என்பதைப் பென்சிலால்தான் குறிப்பார். "பேனாவுல எழுதினா தீர்ப்பு. பென்சில்ல எழுதினா பேச்சுவார்த்தை." பட்டப்பெயர் வந்த வழி அதுதான். ஒருவருக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. இன்னொருவர் காலையில் குழந்தையைப் பள்ளியில் விடவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். "முழங்காலுக்குத் தரைத்தளம், குழந்தைக்குப் பத்து மணி. பாடமே நடத்த மனசில்லேன்னா மட்டும் என்கிட்ட மருந்து இல்ல." கேட்டவரும் சிரித்துவிடுவார். சார் ரப்பர் தூளை அவர் மேசையிலேயே ஊதிவிட்டு அடுத்த அறைக்கு நடப்பார்.

ஆனால் முதலாண்டு வகுப்பு என்றால் எல்லோரும் நழுவுவார்கள். காலை எட்டு மணி, பெரிய அரங்கு, நூற்றைம்பது தலை, அதில் பாதி தூக்கத்தில்; கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும். ஆண்டுதோறும் அது ஒருவர் தலையில்தான் விடியும். அவர் அதே துறையின் விரிவுரையாளர், சாரின் மனைவி. வேறு யாருக்குக் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். மனைவிக்குக் கொடுத்தால் நேர்மையான மனிதர் என்பார்கள்.

இந்த முறை கருத்துக்கணிப்பு பற்றிப் புதிதாக ஒரு பாடம் வந்தது. பாடத்திட்டத்தை உட்கார்ந்து வரைந்ததே மனைவிதான். "அதை உனக்கே கொடுத்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே..." என்று சார் வீட்டில் மெல்ல இழுத்தார்.

"ஏங்க, வீட்டுலதான் அடிப்பிடிச்ச சோறு எனக்கு. துறையிலயுமா?" பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சாருக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் துறைக் கூட்டத்தில் சார் எழுந்து இரண்டு முறை செருமினார். "புதுப் பாடம் மேடத்துக்கு. என் வீட்டுக்காரிங்கிறதால கொடுக்கல. வீட்டுக்காரிங்கிறதாலயே இத்தனை வருஷம் நல்லது எதையும் கொடுக்காம இருந்தேன். அது தப்பு."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கா சார் இவ்வளவு வேர்க்குது?" என்றார் முழங்கால்காரர். "மேடத்துக்கு நல்ல பாடம் ஏதாவது கொடுப்பீங்கன்னு நாங்க போன வருஷமே எதிர்பார்த்தோம்!"

கொல்லென்று சிரிப்பு. "அப்ப அந்த எட்டு மணி?" என்று யாரோ கேட்டதும் சிரிப்பு பட்டென்று நின்றது. அத்தனை பேருக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதோ கிடைத்தது.

"நான்தான்" என்றார் சார்.

மேசையின் மறுகோடியில் மனைவி கைப்பையைத் திறந்தார். துழாவி, தொண்டை மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளிவிட்டார்.