வடகிழக்கு மூலையைப் பற்றிய கட்டுரை

எங்கள் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்குக் கிடைக்கும் கட்டடம். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நான் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு லாட்ஜுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஃப்ரீமேசன் சங்கத்தின் கூடத்துக்கும் லாட்ஜ் என்றுதான் பேர் என்று விளக்கினால் பார்வை இன்னும் மோசமாகும். எங்கள் திருச்சபையிலேயே சிலர், அங்கே ஏதோ ரகசியப் பூசை நடக்கிறது என்று நம்பினார்கள். நடப்பது அப்படி ஒன்றுமில்லை. கோட்டுக்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொள்வோம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரையைச் சுற்றி உட்காருவோம். பழைய சடங்கு வசனங்களை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்வோம். பிறகு உறுப்பினர்களின் கல்விக்கென்று ஒரு கட்டுரை வாசிக்கப்படும். அப்புறம் சாப்பாடு.

அந்தக் கட்டுரையை வாசிப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல். எழுதுபவர் கோட்டாற்றில் இருக்கும் ஓய்வுபெற்ற வக்கீல். மேலிடத்திலிருந்து வரும் ஆங்கிலப் புத்தகங்களை எடுத்தாலே இளம் உறுப்பினர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அவரே தமிழில் எழுத ஆரம்பித்தார். மேசன் என்றால் கொத்தன்; அந்தக் கொத்தனின் தூக்குநூல் மனிதனுக்கு என்ன சொல்கிறது, இருபத்துநான்கு அங்குல அளவுகோல் ஒரு நாளை எப்படிப் பங்குபோடச் சொல்கிறது என்றெல்லாம் எழுதுவார். நன்றாகவே எழுதுவார். கூட்டத்தில் வைத்துத்தான் கட்டுரை இருக்கும் உறையை என் கையில் தருவார். முன்கூட்டிப் படித்தால் குரலில் உயிர் போய்விடும் என்று எனக்கு ஒரு கர்வம். அதனால் நானும் கேட்டதில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் மரச்சாமான் கடை வைத்திருந்தேன். கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் வாங்க அஞ்சுகிராமத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பிறகு எல்லோரும் போனிலேயே படத்தைப் பார்த்து வாங்கப் பழகினார்கள். கடையை மூடினேன். காரையும் விற்றேன். அந்த வருடமே என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் சிகிச்சை. முதலில் பேருந்தில்தான் போய்வந்தோம். ஊசி மருந்து ஏறின உடம்போடு அவள் திரும்பி வரும்போது பாறசாலை தாண்டினதும் வாந்தி தொடங்கும். மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, பைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கவரைத் தேடுவாள்.

ஒருநாள் விடியற்காலையில் நாங்கள் பேருந்து நிலையத்தில் நிற்பதை வக்கீல் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை எங்கள் வாசலில் அவருடைய கார் நின்றது. அவரே ஓட்டி வந்திருந்தார். அதற்கடுத்த தடவை இன்னொரு சகோதரர்; லாட்ஜில் ஒருவரையொருவர் அப்படித்தான் சொல்வோம். சிகிச்சை முடியும் வரை லாட்ஜ்காரர்கள் முறை வைத்து வந்தார்கள். யாரும் எங்களிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசாமலிருந்ததுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் ரோட்டுப் பள்ளங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே போவேன். நான் உதவி வாங்குகிறவன் என்பதையே சில நேரம் மறந்துவிடுவேன்.

என் மனைவி மறக்கவில்லை. கார் வருகிற நாளெல்லாம் கருக்கலிலேயே எழுந்துவிடுவாள். நான் வேண்டாமென்றால் கேட்கமாட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், சாயா போட்டு, ஏத்தன் வாழைப்பழம் அவித்து வைப்பாள். காரோட்ட வந்தவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் செருப்பு மாட்டுவாள். தலையில் முடியில்லாமல் சேலை முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் தட்டை நீட்டுவது, இப்போதும் கண்ணில் நிற்கிறது.

சிகிச்சை முடிந்து, அவளுக்கு முடி குட்டையாக முளைத்து, நானும் ஒரு மில்லில் கணக்கு பார்க்கிற வேலையில் சேர்ந்தபிறகு, ஒரு மழைக்காலச் சனிக்கிழமை. வக்கீல் உறையை என்னிடம் தந்தார். எழுந்து நின்று பிரித்தேன். தலைப்பு, 'வடகிழக்கு மூலை.'

மேசன் ஆன ஒவ்வொருவனும் அந்த மூலையில் நின்றிருக்கிறான். இது அச்சான புத்தகங்களிலேயே இருப்பதால் சொல்லலாம். சங்கத்தில் சேரும் அன்று பையில் இருக்கும் காசு, மோதிரம் எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு கூடத்தின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது கொடு என்று கேட்பார்கள். கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்த வெறுங்கையை மறக்காதே, நாளைக்கு ஒரு சகோதரன் இதே நிலையில் வந்தால் நினைத்துக்கொள் என்பதுதான் பாடம். வக்கீல் அதை அழகாக எழுதியிருந்தார். நானும் அழகாக வாசித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன்.

"இது வெறும் சடங்கல்ல. நம்மில் ஒரு சகோதரரை நாம் அறிவோம். கடை மூடி, வண்டி விற்று, நோயாளி மனைவியோடு அவர் பேருந்து நிலையத்தில் நின்றார்."

அந்த வாக்கியத்தை வாசித்து முடித்த பிறகுதான் அது நான் என்று உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று தாளைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்திருக்கலாம். நிறுத்தினால் அது நான்தான் என்று நானே சொன்னதாகிவிடுமே என்று தோன்றியது. வாசித்தேன்.

"விடியற்காலையில் அந்த வாசலில் கார் நிற்கும்போது உள்ளே அடுப்பு எரிந்திருக்காது. வந்தவருக்கு ஒரு வாய் சாயா கொடுக்கவும் வழியற்ற வீடு. நம் சகோதரர்கள் எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை."

என் குரல் நடுங்கவில்லை. வழக்கத்தைவிட நன்றாக வந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, யாரோ ஒருவனுடைய துக்கத்தைச் சொல்கிறவனைப் போல முழுவதையும் வாசித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. தாளிலிருந்து கண்ணை எடுத்தபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையில் இருந்த கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரோட்டி வந்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள்.

சாப்பாட்டில் பரிமாறியவர் என் இலையில் நெய்மீன் துண்டு இரண்டு வைத்தார். மற்றவர்களுக்கு ஒன்றுதான். வக்கீல் வந்து தோளில் கைவைத்து, "நல்லா வாசிச்சேரு வே. எனக்கே கண்ணு நெறஞ்சு போச்சு," என்றார். கள்ளமில்லாத முகம். நான் சிரித்தேன்.

வீட்டில் மனைவி, "இன்னைக்கு எதைப் பத்திப் படிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மூலையப் பத்தி."

"மூலையில என்ன இருக்கு படிக்கதுக்கு?" என்று சிரித்துவிட்டுப் போனாள். அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. அடுத்த வாரம் வக்கீலின் மனைவி இவளுக்குப் போன் செய்தார். "ஒங்களப் பத்தி எவ்வளவு உருக்கமா எழுதியிருக்காரு தெரியுமா" என்று, நல்லது செய்வதாக நினைத்து, அந்தப் பகுதியை வாசித்தும் காட்டியிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது இவள் அடுக்களையில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் வாசிச்சீங்களாமே?"

"ஆமா."

"முழுசுமா?"

நான் சாப்பாட்டுப் பையை மேடையில் வைத்தேன்.

"கார் தந்தாங்க. அது உள்ளதுதான். அத நூறு பேருட்ட சொல்லட்டும், எனக்கு ஒரு கொறச்சலும் இல்ல. ஆனா என் வீட்ல அடுப்பு எரியல்லன்னு எப்படி எழுதலாம்? மருந்து ஏறின கையோட எந்திச்சு சாயா போட்டேன். வாடை புடிக்காம மூக்கப் பொத்திக்கிட்டுப் பழம் அவிச்சேன். வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பினேன்னு ஊரெல்லாம் வாசிக்கணுமா?"

"பேரு போடல்லியே," என்றேன்.

"பேரு போடாட்டி? நான்தான்னு எனக்குத் தெரியாதா?"

அவ்வளவு செய்தவர்களிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று சொன்னேன். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். "ஒதவி வாங்கினா வாயையும் குடுத்துரணுமா? நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போறேன்."

எனக்கு என்னைப் பற்றி எழுதியதுதான் அவமானமாக இருந்தது. கடை போனது, கார் போனது, பேருந்து நிலையத்தில் நின்றது. அவளுடைய சாயா அந்தத் தாளில் இல்லாமல் போனதை நான் கவனிக்கவே இல்லை. என் வாயாலேயே வாசித்தும் கவனிக்கவில்லை. அது தெரிந்தபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை கோட்டாற்றுக்குப் போனேன். கடைத்தெரு நெரிசலில் நடந்துகொண்டே, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. வக்கீல் முன்னறையில் உட்கார்ந்து அடுத்த மாதக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தார். நான் மென்று முழுங்கிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வே, அது நீருன்னு யாருக்கும் தெரியப்பிடாதுன்னுதான் மாத்தி எழுதினேன். ஒம்ம வீட்ல சாயா உண்டுல்லா? இல்லன்னு போட்டா வேற வீடுன்னு நெனைப்பாங்க."

  கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவரே சொன்னார், "இப்பச் சொன்னது முழுசா உண்மையில்ல. அடுப்பு எரியல்லன்னு எழுதினாத்தான் கேக்கவனுக்கு நெஞ்சில தைக்கும்னு தோணிச்சு. எழுதும்போது கையி அப்படிப் போயிட்டுது. மதுரை லாட்ஜுக்கும் மெட்ராஸ் லாட்ஜுக்கும்கூட அனுப்பிட்டேனே."

அவருடைய முகம் சிறுத்துவிட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்ட மனிதரை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று எனக்கு வேர்த்தது.

"அடுத்த கூட்டத்தில திருத்தம் வாசிச்சிருவோம்," என்றார்.

"ஐயோ, வேண்டாம் சார். இனிமே அனுப்பும்போது அந்த ரெண்டு வரிய எடுத்துட்டாப் போதும்."

"ஒம்ம வீட்டுக்காரி என்ன சொன்னா?"

"சொல்லிட்டு வரச் சொன்னா."

"பின்ன? நானும் சொல்லத்தான் வேணும்," என்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் என்னிடம் உறை தரவில்லை. தானே எழுந்தார். கையில் தாள் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. "போன மாசம் நான் ஒரு பொய் எழுதியிருந்தேன். அந்த வீட்ல அடுப்பு எரிஞ்சுது. விடியதுக்கு முன்னயே எரிஞ்சுது. அந்த நோயாளி கையால சாயாவும் அவிச்ச பழமும் நான் தின்னிருக்கேன். தின்னுட்டு இல்லன்னு எழுதிட்டேன். நம்ம சங்கத்துக்கு நேசம், உதவி, உண்மைன்னு மூணு கொள்கை சொல்லுகோம். மூணாவத விட்டுட்டேன். அந்த அம்மாட்டயும் நம்ம சகோதரர்ட்டயும் மன்னிப்புக் கேக்கேன்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தலை குனிந்தார்.

அதுவரை அது நான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டவில்லை. இப்போது எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருவர் சத்தமாகவே, "பழம் நானும் தின்னேன்," என்றார். இன்னொருவர், "எனக்குப் பொட்டலம் கட்டியே தந்தாவ. என் பிள்ளை கேட்டுக்கிட்டே இருப்பா," என்றார். சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு. நானும் சிரிக்க முயன்றேன். சங்கத்தில் சேர்ந்த அன்று அந்த மூலையில் நின்றபோதும் எல்லோரும் இப்படித்தான் அன்பாகச் சிரித்தார்கள். அன்றைக்குக் கூச்சமில்லை. வெளியே வந்ததும் காசும் மோதிரமும் திரும்பக் கிடைக்கும் என்று தெரியும். இப்போது ஏப்ரனின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நன்றி சொல்ல வேண்டும். குரல் இருந்தும் எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரு. எல்லார் முன்னாலயும்."

"பழத்தப் பத்தியும்?"

"அதையும்."

"அப்போ செரி," என்றாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். மறுவாரம் வக்கீலின் மனைவிக்கு அவளே போன் செய்து நெடுநேரம் பேசினாள். அவளுக்கு அது முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. கடைத்தெருவில் காரோட்டி வந்த சகோதரர்களில் ஒருவரைப் பார்த்தால், அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் எந்தக் கடைக்குள்ளாவது நுழைந்துவிடுகிறேன். ஒருதடவை அப்படி நுழைந்தது வளையல் கடை. வெறுங்கையோடு வர முடியாமல் மனைவிக்கு இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போதும் கட்டுரையை நான்தான் வாசிக்கிறேன். ஆனால் முன்கூட்டியே என் கைக்கு வரவேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டேன். சமீபத்தில் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணின் படிப்புக்கு லாட்ஜ் செய்த உதவியைப் பற்றி வக்கீல் எழுதியிருந்தார். கூரை ஒழுகுவது, பெண்ணின் கிழிந்த பை, அப்பாவின் குடி எல்லாம் இருந்தது. நான் உட்கார்ந்து அதையெல்லாம் பேனாவால் அடித்து நீக்கி, திருப்பி அனுப்பினேன்.

அவர் போன் செய்தார். "என்ன வே, பாதியக் காணல்ல?"

"இருக்கது போதும் சார்."

"அந்தக் கூரை உண்மைதான் வே. நானே பாத்தேன்."

"உண்மைதான் சார். ஆனா அது அவங்க கூரை."

போனில் அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "செரி, உள்ளத வாசியும்," என்று வைத்துவிட்டார். அந்த மாதம் கட்டுரை சீக்கிரம் முடிந்தது. சாப்பிடும்போது வக்கீல் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.