பேரருவியில் நிறைவேறிய தீர்மானம்

எங்கள் வாசகசாலையில் பெண்களைச் சேர்ப்பதை எதிர்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்மேல் வழக்குப் போட வேண்டாம். முப்பதுகளில் தென்காசியில் எங்கள் அங்கத்தினர்கள் இருபத்தொன்பது பேரும் முற்போக்காளர்கள். மேடை கிடைத்தால் பெண் கல்வி, பெண் விடுதலை என்று தொண்டை வறளப் பேசுவார்கள். நிஜமாகவே ஒரு பெண் மனுப் போட்டதும்தான் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போனது.

மனுப் போட்டவர் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். கணவர் இறந்துவிட்டார், இரண்டு குழந்தைகள், அந்த உத்தியோகம்தான் வீட்டுக்குச் சோறு. அந்த வருஷத்துக்குள் மேல்பரீட்சை எழுதித் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று பள்ளி மானேஜர் சொல்லியிருந்தார். பரீட்சைக்கு வேண்டிய பெரிய அகராதியும் சரித்திரப் புத்தகங்களும் ஊரில் எங்களிடம்தான் இருந்தன. அவற்றை வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. பெண் உள்ளே வரக் கூடாது என்று விதி ஏதும் இல்லை, வந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே டீச்சர் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். செயலாளராகிய நான் உள்ளேயிருந்து புத்தகத்தைக் கம்பிக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொள்வேன். அவர் பார்த்து எழுதிக்கொள்வார். ஆனி பிறந்தது, சாரல் தொடங்கியது. ஒரு நாள் அவர் எழுதிய இரண்டு பக்கமும் மை கரைந்து நீலமாக வழிந்துவிட்டன.

"வெளிய நிக்கது எனக்குப் பழக்கந்தான் சார். இந்த நோட்டுக்குத்தான் பழக்கமில்ல" என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் சிரிக்காமல் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

விதிப்படி புது அங்கத்தினரைச் சேர்க்கத் தீர்மானம் வேண்டும், பதினைந்து பேர் கூடினால்தான் அது செல்லும். மூன்று தடவை கூட்டம் போட்டேன். முதல் தடவை ஏழு பேர். இரண்டாம் தடவை ஒன்பது. மூன்றாம் தடவை ஐந்து பேர், அதில் ஒருவர் பாட்டுக் கச்சேரி என்று நினைத்து வந்தவர். எங்கள் தலைவர் ஒரு வக்கீல். ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "நமக்கு என்னவே ஆட்சேபணை? ஆள் சேரலியே, நான் என்ன செய்ய?" என்பார். ஆள் சேராமல் பார்த்துக்கொண்டதே அவர்தான் என்பது எங்கள் அங்கத்தினரான ஜவுளிக்கடை அண்ணாச்சி வாய் தவறிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 'வேண்டாம்' என்று சொன்னால்தானே கெட்ட பெயர்? வராமலே இருந்துவிட்டால் யார் கேட்பது?

சரி, வராதவர்களை வரவழைக்கிறேன் என்று கறுவிக்கொண்டு நான்காவது நோட்டீஸ் எழுதினேன். "இடம்: குற்றாலம், பேரருவி அருகே. ஞாயிறு காலை. எண்ணெய் தேய்க்க ஆள் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. கூட்டத்துக்குப் பின் இட்லி, வடை." கூட்டம் எந்த இடத்தில் என்று குறிப்பது செயலாளரின் உரிமை என்று விதிப் புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவரே எங்கள் வக்கீல்தான்.

பதினேழு பேர் வந்தார்கள்! மாமியாருக்குக் காய்ச்சல் என்று மூன்று மாதமாகச் சொன்னவர் அந்த மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் குளிக்க அனுப்பிவிட்டார். எல்லோரும் கோவணத்தோடு பலகைகளில் வரிசையாக உட்கார, தேய்க்கிற ஆட்கள் முதுகில் பளார் பளார் என்று அறைந்துகொண்டிருந்தார்கள். எண்ணெய்க்கோலத்தில் இருப்பவன் எங்கே ஓடிவிடுவான்? கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் புத்தகத்தை நான் எடுத்தேன்.

தலைவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எண்ணெய் கண்ணில் இறங்கியும் மனிதருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மொதல்ல குளிப்போம்வே. எண்ணெயோட என்ன கூட்டம்? ஏய், எல்லாரும் எந்திரிங்க!" என்று மந்தையை ஓட்டுகிற மாதிரி பதினாறு பேரையும் அருவிக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குளித்ததும் இட்லி, இட்லி ஆனதும் பஸ். அவர் கணக்கு எனக்குத் தெரியாதா?

கட்டியிருந்த வேட்டியோடும் போட்டிருந்த சட்டையோடும் நானும் அருவிக்குள் போனேன்.

பேரருவியில் குளித்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. தண்ணீர் உச்சந்தலையில் பொத்துப் பொத்தென்று விழும். அதைத் தாங்க, எப்பேர்ப்பட்டவனும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித்தான் ஆக வேண்டும். நான் வரிசைக்கு முன்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தித் தீர்மானத்தை வாசித்தேன். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்!" என்றேன்.

பதினேழு பேர். முப்பத்துநான்கு கைகள். தலைவரின் கைகள்தான் எல்லாவற்றிலும் உயரம்.

இட்லி பரிமாறும்போது, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று வாசித்தேன். ஜவுளிக்கடை அண்ணாச்சிக்குப் புரை ஏறிவிட்டது.

"என்னவே இது அக்கிரமம்!" என்று தலைவர் எழுந்தேவிட்டார். "அது தண்ணி மண்டையில அடிக்குன்னு தூக்குன கைவே!"

"எதுக்குத் தூக்குனீயன்னு கேக்கணும்னு விதியில இல்லியே, தலைவரே. தூக்குன கைய எண்ணணும்னுதான் இருக்கு."

அவர் வக்கீல் மூளை அதைக் கொஞ்ச நேரம் வடையோடு மென்றது. "அடுத்த ஞாயித்துக்கெழம சிறப்புக் கூட்டம். இத ரத்து பண்ணுதோம். எல்லாரும் வந்தாகணும்" என்றார். அதுவரை தீர்மானம் செல்லும் என்பதை அவரும் மறுக்கவில்லை. நான் ஈரச் சட்டையோடு நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் அங்கத்தினர் அட்டையைக் கொடுத்தேன். ஒரு வாரம்தான் உத்தரவாதம் என்றும் சொன்னேன். "ஒரு வாரத்துல பாதி அகராதி எழுதிருவேன் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்பது பேரும் வந்தார்கள். வாசகசாலை சரித்திரத்திலேயே அன்றுதான் நாற்காலி போதவில்லை. டீச்சர் எல்லோருக்கும் முன்பே வந்து, நடுமேஜையில் அகராதியை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். அவரை அங்கே யாருமே எதிர்பார்க்கவில்லை. உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குரலைத் தணித்துக்கொண்டார்கள். பாதிப் பேரின் பெண்பிள்ளைகள் அவரிடம்தான் படித்தார்கள். ஜவுளிக்கடை அண்ணாச்சியின் மகளுக்கு அவர்தான் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தவர்.

தலைவர் பெண்குலத்தின் பெருமையைப் பத்து நிமிஷம் புகழ்ந்தார். பிறகு, இடவசதி இல்லாத காரணத்தால் முந்தைய தீர்மானத்தை ரத்து செய்யலாம் என்றார். "ஆதரிக்கவங்க கை தூக்கலாம்."

டீச்சர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை வைத்துவிட்டு, வகுப்பில் பார்ப்பது போல முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோபமில்லை. யார் கை தூக்குகிறார்கள் என்று பார்த்தார், அவ்வளவே.

ஒரு கையும் எழவில்லை. அண்ணாச்சியின் கை தோள்வரை போய், காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. தலைவரின் கை மேஜையைவிட்டு அசையவேயில்லை. மூன்று மாதமாக வராமலே எங்களை ஜெயித்தவர்கள், வந்து உட்கார்ந்ததும் தோற்றுப்போனார்கள்.

"எதிர்க்கவங்க?" என்றார் தலைவர், குரலே இல்லாமல்.

ஒரே ஒரு கை எழுந்தது. டீச்சரின் கை. மை பட்ட விரல்களோடு நேராக, ஆடாமல் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்னைப் போல் புளுகன் இருக்க முடியாது. என் கை எழவில்லை. அருவிக்குள் அத்தனை வீரமாகக் கத்தினேனே, அந்த நான், இருபத்தெட்டுப் பேருக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மினிட் எழுதிக்கொண்டிருந்தேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சே!

"ரத்துக்கு ஆதரவு: இல்லை. எதிர்ப்பு: ஒன்று" என்று எழுதி, எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஒண்ணு யாருன்னும் போடுங்க சார். பொறவு வாசிக்கவங்க நீங்கன்னு நெனச்சிரக் கூடாதுல்லா?"

போட்டேன்.