பத்து மணி த்ரீ பேஸ்

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இசைவாணியின் வீடு. நெல் மூட்டை அடுக்கிய அறைதான் ஆபீஸ். மாதத்தில் ஒரு வாரம் சென்னைக் கம்பெனியில் வேலை, மற்ற நாளெல்லாம் இங்கிருந்தேதான். மீட்டிங்குக்கு நைட்டிமேல் ஒரு கோட்டு மாட்டினால் முடிந்தது. இரண்டு வயது மகள் தேவதர்ஷினி காலடியிலேயே விளையாடுவாள். இப்படியொரு வேலை எவளுக்குக் கிடைக்கும்!

அதைக் கெடுக்கவே வந்தது காலை பத்து மணி. அப்போதுதான் மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். கொல்லைக்குக் கொல்லை, கரண்ட் வந்ததும் தானே மோட்டாரைப் போட்டுவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர். எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் இழுக்க, வீட்டுக் கரண்ட் படுத்துவிடும். இன்வெர்ட்டர் விழித்துக்கொள்வதற்குள் மோடம் செத்துப் பிழைக்கும். மீட்டிங்கில் இசைவாணி காணாமல் போவாள். ஆபீசில் மோட்டார் கதையைச் சொல்ல வெட்கம். ‘நெட்வொர்க் பிராப்ளம்’ என்றே சமாளித்தாள்.

மேனேஜர் கோகிலவாணி பொறுத்துப் பார்த்தார். புதன்கிழமை பத்து மணி மீட்டிங்கில் சிங்கப்பூர் கஸ்டமருக்கு இசைவாணிதான் வேலையை விளக்க வேண்டும். அன்றும் லைன் போனால் நிரந்தரமாகச் சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்றார். பிள்ளையை விட்டுப் போவதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரியப்பா பச்சமுத்துவிடம் ஓடினாள். “புதன்கிழமை மட்டும் பதினொரு மணி வரைக்கும் மோட்டார் போடாதீங்க பெரியப்பா.”

“என்னுது ஒண்ண நிறுத்தினா ஆவுமா? இரு, எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

புதன், பத்து மணி. கரண்ட் வந்தும் ஒரு மோட்டார்கூட முனகவில்லை. இசைவாணி தெம்பாகப் பேச ஆரம்பித்தாள். ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் கொல்லையில் ஒன்று உறுமியது. விளக்கு துடித்தது, அவள் நெஞ்சும்தான். கண்ணாயிரத்தின் மோட்டார்! அதற்கு எங்கிருந்தும் போனிலேயே போடுகிற ஸ்டார்ட்டர். வெளியூர் போயிருந்ததால் விஷயம் தெரியாத மனுஷன் தியாகதுருகத்தில் இருந்துகொண்டே போட்டுவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பெரியப்பா போனில் கத்தினார். “யோவ் கண்ணாயிரம்! நம்ம இசை மீட்டிங்ல பேசிக்கினு இருக்குது. மோட்டார நிறுத்துய்யா! இன்னா அவசரம் உனக்கு?”

மோட்டார் நின்றது. ஆனால் அந்தக் குரல் சிங்கப்பூர் வரைக்கும் போய்விட்டது. என்ன சத்தம் என்று கஸ்டமர் கேட்டார். இனி எதை மறைப்பது? “எங்க ஊர்ல எல்லாரும் எனக்காகத் தண்ணி பாய்ச்சாம காத்திருக்காங்க” என்று இசைவாணி நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

கஸ்டமர் வாய்விட்டுச் சிரித்தார். கோகிலவாணியும் சிரித்தார். “இத முதல்லயே சொல்லக்கூடாதா? இனிமே உங்க மீட்டிங் பதினொன்றரைக்கு. நீங்க அங்கயே இருங்க.”

மீதியையும் பேசி முடித்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு இசைவாணி வெளியே வந்தாள். மோட்டார் கொட்டகைக்கு ஒருவராக நின்று, எல்லோரும் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆச்சா?” என்றார் பெரியப்பா.

“ஆச்சு பெரியப்பா, போடுங்க!”

எல்லா மோட்டாரும் ஒன்றாக உறுமின. உள்ளே மோடம் அணைந்தது. அணையட்டும் என்று அவள் பிள்ளையோடு வாய்க்காலில் இறங்கினாள்.