கோமகளின் கால்துணி

அகாஃப்யாவுக்குச் சிறுவயதிலிருந்தே சலவைதான் பிழைப்பு. தம்போவ் சீமைப் பண்ணையில், உறைந்த ஆற்றில் ஓட்டை போட்டு, எசமான் வீட்டு அழுக்கையெல்லாம் அலசி அலசியே விரல்கள் வெடித்துப் போயிருந்தன. ஜெர்மன்காரன் குண்டுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்தான். அந்த வருஷம்தான் அவ்வீட்டுக் கோமகள் வர்வாரா, பெண்கள் படையில் ஒரு கம்பெனிக்குத் தலைவியானாள். "நீயும் வா" என்றாள். வேளைக்குக் கஞ்சி கிடைக்குமே என்று அகாஃப்யாவும் துப்பாக்கி தூக்கினாள்.

வர்வாராவைச் சும்மா குறை சொல்லக் கூடாது. குறி தவறாமல் சுடுவாள். முடி வெட்டும் நாளன்று முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தவளும் அவள்தான். காலுறைக்குப் பதிலாகப் பூட்ஸுக்குள் கால்துணி சுற்றத்தான் அவளுக்கு வரவே இல்லை. ஒரு மடிப்பு விழுந்தால் போதும், ரெண்டு மைலில் கால் புண்ணாகிவிடும். விடிந்ததும் அவள் காலை நீட்டுவாள், அகாஃப்யா குனிந்து சுற்றிவிடுவாள். அது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை, அகாஃப்யாவுக்கும்தான்.

அக்டோபரில் தலைநகர் பெத்ரோகிராதில் ஆட்சி கவிழ்ந்தது. அங்கே காவலில் இருந்த அவர்கள் கம்பெனி, புரட்சிக்காரர்களிடம் ஆயுதத்தைப் போட்டது. மறுநாள் காலை படைக்கொட்டடியில் நூற்று முப்பது ஒட்டவெட்டிய தலைகள், ஒரே மாதிரி கோட்டு. வர்வாரா தன் பதவிப்பட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டுக் கும்பலோடு உட்கார்ந்திருந்தாள்.

புரட்சிக்காரக் கப்பற்படையாள் ஒருவன் உள்ளே வந்தான்.

"உங்க கோமக எவ? அவளைக் குடுத்துட்டு மத்தவங்க ஊர் போய்ச் சேருங்க."

ஒருத்தியும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அவன் விவரமானவன்.

"சரி. எல்லாரும் கால்துணியைப் பிரிச்சு மறுபடி சுத்துங்க. சுத்தத் தெரியாதவளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுடறேன்."

வர்வாராவின் கையில் துணி சுருண்டு சுருண்டு கழன்றது. அவன் நெருங்கிக்கொண்டிருந்தான். அகாஃப்யா பாய்ந்து துணியைப் பிடுங்கினாள்.

"அடி பட்டணத்து மூதேவி! மூணு மாசமாச் சொல்லிக்குடுத்தும் மண்டையில ஏறலையே!"

"யாரு இவ?" என்றான் அவன்.

"துணி மில்லுக்காரி. தறியைத் தவிர என்ன தெரியும் இதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஒரு கால் முடிந்தது. உடனே வர்வாரா, தினமும் செய்கிற மாதிரியே, குனிந்துகூடப் பார்க்காமல் மறு காலைத் தூக்கி அகாஃப்யாவின் மடியில் வைத்தாள்.

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது.

அகாஃப்யா பளாரென்று ஓர் அறை விட்டாள். வர்வாராவின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

"நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியாடி? எடுடி காலை!"

"ஏய், விடு தாயே, கொன்னுடாத!" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தபடி அடுத்த வரிசைக்குப் போனான்.

மதியம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். தெருவுக்கு வந்ததும் வர்வாரா கன்னத்தைத் தடவிக்கொண்டே, "என் உயிரைக் காப்பாத்திட்ட, அகாஃப்யா. ஆனா நடிப்புக்கு இவ்வளவு ஓங்கியா அடிப்ப?" என்றாள்.

"திட்டுனது மட்டும்தான் நடிப்பு" என்று சொல்லிவிட்டு, அகாஃப்யா தம்போவ் ரயிலைப் பிடிக்கத் தனியாகப் போனாள்.