மாமாவின் கோபம் எங்கே போனது?

போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்தில் என் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் ஒரே மகள் சுமதி, ஏழு வருடம் கழித்து அந்த வீட்டுப் படியேறினாள்.

ஏன் ஏழு வருடம்? அவள் அப்பா வரக்கூடாது என்றிருந்தார். பெரம்பலூரில் நர்ஸாக வேலை பார்த்த இடத்தில், தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவ்வளவுதான் குற்றம். பேரன் பிறந்தபோதும் அவர் போய்ப் பார்க்கவில்லை. அக்காவையும் விடவில்லை. “எனக்குப் புள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்” என்று என்னிடமே சொன்னார்.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாக முந்திரிக் கொல்லை. அவர் செருமினாலே கொட்டை பொறுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் எதிரில் நான் உட்கார்ந்து காபி குடித்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு ஜெயங்கொண்டம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இல்லை. நெற்றியில் பலமான அடி. திருச்சியில் ஆபரேஷன். சுமதி வந்தாள். மயக்கத்தில் கிடந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவர் கண் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

பிழைத்து வீடு திரும்பிய மாமா சிரிக்கிறார். பால்காரரை உட்காரச் சொல்கிறார். அக்காவிடம், “நீ சாப்ட்டியா?” என்று கேட்கிறார். முப்பது வருடத்தில் அவர் கேட்காத கேள்வி.

ஊரே சாமி கொடுத்த வரம் என்றது. அக்கா மட்டும் என்னிடம், “வேற யாரோ ஆம்பள வூட்ல இருக்கற மாதிரி கூச்சமா இருக்குடி” என்றாள்.

திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டேன். “குணம்ங்கறது கல்லுல வெட்டுனது இல்லீங்க. மூளை, பழக்கம், ஞாபகம், நம்மளப் பத்தி நாமளே சொல்லிக்கற கதை... எல்லாம் சேர்ந்துதான் ‘நான்’. முன்மூளையில அடிபட்டா சிலருக்குக் கோவம் கூடும், சிலருக்குக் கொறையும். இவருக்கு நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கலாம். அதோட இருந்த உணர்ச்சி போயிருக்கும்” என்றார்.

ஞாபகம் இருக்கும், கோபம் இருக்காது. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது!

அக்காதான் மகளுக்கு போன் செய்தாள். “இப்ப வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வாடி.”

வந்தாள். மாமா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வா சுமதி. வெயில்ல வந்திருக்க... மோர் குடிக்கறியா?”

சுமதி அவர் காலில் விழுந்தாள். “என்னை மன்னிச்சிருங்கப்பா.”

“எதுக்கும்மா?”

“உங்க பேச்ச மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்கு.”

மாமா யோசித்தார். “ஆமா, நான் பேசாம இருந்தேன்ல... ஏன் இருந்தேன்னுதான் புரியல. அது பெரிய விஷயமா? எந்திரிம்மா.”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுமதி எழுந்தாள். அவர் தந்த மோரை முழுவதும் குடித்தாள். பிறகு கொல்லைப்புறம் போனாள். நானும் பின்னால் போனேன். கிணற்றடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“அதான் அப்பா ஏத்துக்கிட்டாருல்ல சுமதி?”

“இவரு ஏத்துக்கிட்டாரு சித்தி. என்னை வராதன்னு சொன்னவரு ஏத்துக்கலையே. ஏழு வருசமா அவருகிட்டதான் மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தேன். என்னைக்காவது எறங்கி வருவாருன்னு இருந்தேன். அவரு வராமயே போயிட்டாரு.”

செத்தவருக்காக அழலாம், நாலு பேர் வந்து உட்காருவார்கள். உள்ளே உயிரோடு, சிரித்தபடி இருக்கும் மனிதருக்காக எப்படித் துக்கம் கேட்பது?

சாயங்காலம் பஸ் ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “அடுத்த வாரம் பையனக் கூட்டியாரேன் சித்தி. அவனுக்கு இவருதான தாத்தா.”

வருவாள். பேரனும் தாத்தாவும் நன்றாகவே சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்குள் பழைய கணக்கு ஒன்றும் இல்லை.

நீங்களும் யாரிடமாவது பேசாமல் இருக்கிறீர்களா? மன்னிப்பதாக இருந்தால், நீங்கள் நீங்களாக இருக்கும்போதே மன்னித்துவிடுங்கள் — அப்புறம் மன்னிப்பவர் வேறு யாரோ.